செம்புதானே என்று சூளையில் வைக்காதீர்கள்!



சில மாதங்களுக்கு முன்னர், என்னிடம் பாடசாலையில் படித்த மாணவி ஒருத்தி தன் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளது கணவர் வெளிநாட்டில் தொழில் பார்க்கிறார். வீட்டில் சும்மா இருக்க மனமின்றி கண்ணாடிக் கைப்பணி பழகி, கழுத்துப் பதக்கமும் காதணியும் செய்து விற்று வருகிறாள். அதற்கென்று சிறியதொரு மின்சூளையும் வாங்கி வைத்திருக்கிறாள்.

தான் செய்த பதக்கங்களை என் மனைவியிடம் காட்டிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்து என் முன்னால் வைத்தாள். செந்நிறமாக மினுமினுக்கும் மெல்லிய கம்பி.

"ஹஸரத், இது மோட்டார் சுற்றும் கடையில் மலிவாகக் கிடைத்தது. செம்புதான். கடைக்காரர் 'எனாமல் கம்பி' என்று சொன்னார். எனாமலும் சூளையில் சுடுவதுதானே என்று நினைத்து, பதக்கத்துக்குக் கொளுக்கி வைக்க இதைப் பாவித்தேன். சூளை சூடேறிக் கொஞ்ச நேரத்திலேயே மூக்கை அரிக்கும் ஒரு நாற்றம். பக்கத்து அறையில் படுத்திருந்த மகன் இருமத் தொடங்கிவிட்டான். பயந்துபோய் சுவிட்சை நிறுத்திவிட்டேன். இது கூடுமா, கூடாதா?"

கூடுமா, கூடாதா என்று எம்மிடம் கேட்க வருபவர்கள் மார்க்க விடயங்களைத்தான் கேட்பார்கள். இதுவோ கம்பியைப் பற்றிய கேள்வி. தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டறிவதே முறை. எனவே எங்கள் பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியரிடம் விசாரித்தேன். தேடி வாசித்தும் பார்த்தேன். இன்று எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்தபடியே கைப்பணி செய்து குடும்பத்துக்கு உதவுகிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

சூளைக்குள் நடப்பது என்ன?

கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூளையில் வைத்துச் சூடேற்றினால் அவை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 650 பாகை செல்சியஸில் கண்ணாடி வளையத் தொடங்கும். 730, 760 பாகை அளவில் துண்டுகள் தம் உருவம் மாறாமல் ஒட்டிக்கொள்ளும். 800 பாகையை அண்மித்ததும் முற்றாக உருகி ஒரே துண்டாகிவிடும். நாம் கேக் சுடும் அவனின் சூடு பெரும்பாலும் 180 பாகைதான். அப்படியானால் கண்ணாடிச் சூளையின் சூடு எத்தகையது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பதக்கத்தைச் சங்கிலியில் கோர்க்க ஒரு வளையம் வேண்டுமல்லவா? அதற்காக இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே சிறிய கம்பி வளையமொன்றை வைத்துச் சுடுவார்கள். சிலர் அழகுக்காகவும் கம்பியால் பூவும் இலையும் வளைத்து உள்ளே வைப்பதுண்டு. செம்பு உருகுவதற்கு 1085 பாகை தேவை. ஆகவே வெறும் செம்புக் கம்பி சூளையில் உருகிவிடாது. இந்த அளவில் அந்தச் சகோதரி நினைத்தது சரிதான். பிழைத்தது செம்பில் அல்ல. செம்பின் மேலிருந்த பூச்சில்!

ஒரு பெயர், இரண்டு பொருள்

அரபு மொழியில் 'ஐன்' என்றால் கண் என்றும் பொருள், நீரூற்று என்றும் பொருள். எந்த இடத்தில் எது என்று அறியாமல் பொருள் கொள்பவர் தவறிவிடுவார். இப்படியான சொற்களைப் பற்றி அரபுக் கல்லூரியில் முதலிலேயே எச்சரித்துவிடுவார்கள். 'எனாமல்' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே.

எங்கள் உம்மாமார் பாவித்த வெள்ளை நிற எனாமல் கோப்பைகள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த எனாமல் உண்மையில் கண்ணாடிதான். கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி, ஏறத்தாழ 800 பாகையில் சுட்டு ஒட்டவைப்பார்கள். 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் மம்லூக் ஆட்சியின்போது சிரியாவிலும் எகிப்திலும் செய்யப்பட்ட பள்ளிவாசல் விளக்குகளை அலங்கரிப்பதும் இதே எனாமல்தான். கெய்ரோவில் 1356ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய சுல்தான் ஹஸன் பள்ளிவாசலுக்காகச் செய்யப்பட்ட அத்தகைய விளக்குகள் இன்றும் அந்நகரின் இஸ்லாமியக் கலை நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றில் நெருப்புக்குக் கொடுக்கப்பட்டவை கண்ணாடியும், எனாமலும், பொன்னும். மூன்றுமே நெருப்பில் புகைந்து போகாதவை.

மோட்டார் சுற்றும் கடையிலுள்ள 'எனாமல் கம்பி' வேறு. மின்சாரம் ஒரு சுற்றிலிருந்து மறு சுற்றுக்குப் பாய்ந்துவிடாமல் தடுப்பதற்காக அதன் மேல் பூசப்பட்டிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் வார்னிஷ். பொலியூரத்தேன், பொலியெஸ்டர் போன்றவை அவை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகவும் நிறமற்றும் இருப்பதால், செம்பே வெளியில் தெரிவதுபோல் தோன்றும். இவ்வகைப் பூச்சுக்களில் மிகவும் உயர்ந்த தரத்தினவும் ஏறத்தாழ 240 பாகை வரை தாங்கும்படியே செய்யப்படுகின்றன. 800 பாகை சூளையில் அவற்றின் கதி என்னவாகும்? கருகிப் புகையாகிவிடும். பொலியூரத்தேன் கருகும்போது ஐசோசயனேற்று என்னும் வாயுக்கள் வெளிவரும். இழுப்பு நோயை, அதாவது ஆஸ்துமாவைத் தோற்றுவிப்பதில் பெயர்போனவை அவை. மிகக் கொடிய நஞ்சான ஐதரசன் சயனைட்டும் அதனுடன் சேர்ந்து வரலாம்.

அன்றைய நாற்றமும் பிள்ளையின் இருமலும் எதனால் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

கம்பியின் மேலிருக்கும் வேறு பூச்சுக்கள்

கடைகளில் கிடைக்கும் கம்பிகளில் வெறும் கம்பி குறைவு. ஏதோவொரு பூச்சு உள்ளதே அதிகம். ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

வயர்: மின்சார வயரின் மேலுறை பெரும்பாலும் பீவீசீ எனும் பிளாஸ்டிக். சூடேறினால் அதிலிருந்து ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவரும். ஈரத்துடன் சேர்ந்தவுடன் அது அமிலமாகிவிடும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். செம்புடன் சேர்ந்து எரியும்போது டயொக்சின் என்ற நச்சுப் பொருளும் உருவாகும். பழைய வயரைக் கொளுத்திச் செம்பெடுக்கும் இடத்தைக் கடந்து சென்றவர்களுக்கு அந்தக் கரும்புகையின் நாற்றம் தெரிந்திருக்கும். மேலுறையை உரித்துவிட்டுப் பாவிப்பதாயினும், உள்ளே பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்றும், செம்பின் மேல் வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நிறக் கம்பி: மணி கோர்க்கவும் அலங்கார வேலைக்கும் விற்கப்படும் சிவப்பு, நீல, தங்க நிறக் கம்பிகளின் நிறம் பெரும்பாலும் வார்னிஷ் அல்லது நைலோன் பூச்சில்தான் இருக்கிறது. வெள்ளிபோல் மின்னும் கம்பிகளிலும் கறுக்காமல் இருக்க வார்னிஷ் பூசியிருப்பார்கள். கடதாசிப் பூச் செய்யும் பச்சைக் கம்பியும் அவ்வாறே. இவையெல்லாம் சூளையில் கருகும். காபனோரொட்சைட்டு என்ற நாற்றமேயில்லாத நச்சு வாயுவும் அந்தப் புகையில் இருக்கும்.

கல்வனைஸ் கம்பி: வேலி கட்டும் வெள்ளைக் கம்பி இது. துருப்பிடிக்காமலிருக்க இரும்பின் மேல் நாகம் பூசப்பட்டிருக்கும். நாகம் 420 பாகையில் உருகி, 907 பாகையில் கொதிக்கும். கொதிக்கும் வரை அது காத்திருப்பதில்லை. சூளையின் சூட்டில் அதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணித்தியாலங்களின் பின்னர் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல் உளைச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியன ஏற்படும். பித்தளை வார்ப்போரிடமும் வெல்டிங் செய்வோரிடமும் நீண்டகாலமாகக் காணப்படும் இக்காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தணிந்துவிடும். பால் குடித்தால் போதும் என்று தொழிலாளர்கள் சொல்வதுண்டு. பால் போவது வயிற்றுக்கு. புகை போவதோ நுரையீரலுக்கு!

கட்மியம் பூசிய கம்பி: இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. சில ஆணிகளுக்கும் பழைய இயந்திர உதிரிப்பாகங்களுக்கும் கம்பிகளுக்கும் துருப்பிடிக்காமலிருக்க கட்மியம் பூசுவதுண்டு. அது 767 பாகையில் கொதித்துவிடும். அதாவது கண்ணாடி முற்றாக உருகும் முன்பே கட்மியம் ஆவியாகிவிடும். சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணித்தியாலங்கள் கழித்தே நுரையீரல் வீங்கி மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகத்தையும் அது பாதிக்கும். புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது. நாகப் பூச்சையும் கட்மியப் பூச்சையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத வெள்ளி நிறக் கம்பியைச் சூளையில் வைக்கவே கூடாது.

சூளை இன்னும் சூடாகவில்லையே!

அநேகர் தவறிவிடும் இடம் இது. கண்ணாடி உருகும் நேரத்தில்தான் கவனம் தேவை, ஆரம்பத்தில் பயமில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையோ இதற்கு மாறானது. பிளாஸ்டிக் பூச்சுக்கள் 200 முதல் 500 பாகைக்குள்ளேயே பெரும்பாலும் கருகி முடிந்துவிடும். சூளையை மூட்டிவிட்டு அருகிலேயே சமையலைக் கவனிக்கும் அந்த ஆரம்ப நேரத்தில்தான் நஞ்சு வெளியாகிறது. வீட்டில் வைக்கும் சிறு சூளைக்குப் புகைபோக்கியும் இல்லை. மூடியின் இடுக்கினூடாக வரும் புகை அந்த அறைக்குள்ளேயே நிறையும்.

"முகக் கவசம் போட்டுக்கொள்கிறேனே" என்று சொல்லலாம். 2020இல் கொரோனா காலத்தில் நாம் பழகிய துணிக் கவசமும் சத்திரசிகிச்சைக் கவசமும் வாயுக்களைத் தடுப்பதில்லை. என் 95 கவசம் தூசைத் தடுக்கும். அதுவும் வாயுவைத் தடுக்காது. அப்படியே உங்களுக்கு ஒரு கவசம் கிடைத்தாலும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு யார் கவசம் போடுவது? சிறுபிள்ளைகள் தம் எடைக்கு ஒப்பிடும்போது பெரியவர்களைவிட அதிகமாகவே காற்றை உள்ளிழுக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாரும், இழுப்பு நோயுள்ள முதியவர்களும் இருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் தேவை.

செய்த பொருளும் கெட்டுவிடும்

தேகநலம் ஒருபுறமிருக்க, தொழிலும் பாதிக்கப்படும். இரண்டு கண்ணாடிகளுக்கிடையே அகப்பட்ட பூச்சு கருகும்போது அதன் புகை வெளியேற வழியின்றி குமிழிகளாக உறைந்துவிடும். கம்பியைச் சுற்றிக் கரி படியும். பீவீசீயின் அமில வாயு சூளையின் சூடேற்றும் கொயில்களையும் அரித்துவிடும்.

விரிவும் சுருக்கமும் இன்னொரு பிரச்சினை. சூடேறும்போது செம்பு, கண்ணாடியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆறும்போது அதே அளவு சுருங்கும். எனவே கம்பி தடித்ததாக இருந்தால், பூச்சு இல்லாவிட்டாலும் கண்ணாடி வெடிக்கலாம். ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த கம்பியே பொருத்தமானது. சூளையை மெதுவாக ஆறவிடுவதும் அவசியம்.

அப்படியானால் எதைப் பாவிப்பது?

முதலாவது, நைக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்தது. மின்சார ஹீட்டரில் சிவந்து எரியும் கொயில் இதனாலும் செய்யப்படுகிறது. ஏறத்தாழ 1400 பாகையில்தான் உருகும். கண்ணாடிக் கைப்பணியாளர் பலர் கொளுக்கிக்கு இதையே விரும்புகிறார்கள். ஆனால் நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. காதில் துளைக்குள் போகும் பாகத்தை இதனால் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, சுத்த வெள்ளிக் கம்பி. 961 பாகையில் உருகும் என்பதால் சூளையைத் தாங்கும். ஆனால் நகைகளுக்குப் பாவிக்கும், செம்பு கலந்த வெள்ளி 780 பாகையளவிலேயே இளகத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, பூச்சில்லாத வெறும் செம்புக் கம்பி. கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சூளையில் கறுத்துச் செதிலாக உதிரும். சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். பித்தளையில் நாகம் கலந்திருப்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

நான்காவது வழி எல்லாவற்றிலும் இலகுவானது. சூளைக்குள் கம்பியே வைக்காதிருப்பது! கண்ணாடியைத் தனியாகச் சுட்டெடுத்து, ஆறிய பின் கொளுக்கியைப் பசையால் ஒட்டலாம். நிறக் கம்பியின் அழகு வேண்டுமென்றால் ஆறிய பதக்கத்தைச் சுற்றி அதைக் கட்டுங்கள். சூடு படாதவரை அந்தப் பூச்சு உங்களை ஒன்றும் செய்யாது.

வாங்கும்போது "இது செம்பா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மேலே பூச்சு ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். கத்தி முனையால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடம் மட்டும் வேறு நிறமாக மின்னினால் பூச்சு இருக்கிறது. வெள்ளி நிறக் கம்பி காந்தத்தில் ஒட்டினால் பெரும்பாலும் அது பூச்சுள்ள இரும்பாகவே இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் விட்டுவிடுங்கள். பூச்சை அடுப்பில் எரித்துப் போக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சூளையில் வரும் அதே புகைதான் அடுப்பிலும் வரும்.

சூளையை வைக்கும் இடம்

குசினியும் படுக்கையறையும் சூளைக்குரிய இடங்களல்ல. மழை படாத, காற்றோட்டமுள்ள பின் விறாந்தை போன்ற இடமே சிறந்தது. சூளை எரியும்போது பிள்ளைகள் அருகில் வரக் கூடாது. பக்கத்து அறையில் எவரும் உறங்கவும் கூடாது. சூளையில் உணவு சுடாதீர்கள். மைக்ரோவேவ் அவனுக்குள் வைக்கும் சிறிய சூளைகளும் இப்போது விற்கப்படுகின்றன. அதற்குள் கம்பி வைத்தால் தீப்பொறி பறக்கும். அந்த அவனில் பிறகு சமைப்பதும் நல்லதல்ல. அதற்கென்று வேறொன்று இருக்க வேண்டும்.

தவறுதலாகக் கெட்ட நாற்றம் வந்துவிட்டால் சுவிட்சை நிறுத்துங்கள். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளுடன் வெளியே சென்று, காற்று நன்றாக மாறிய பின்னரே உள்ளே வாருங்கள். யாருக்காவது மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ ஏற்பட்டால், அல்லது அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் கண்டால், வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். கம்பியில் ஒரு துண்டையும் எடுத்துச் சென்று, எதைச் சூடாக்கினீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்றே அவரும் எண்ணக் கூடும்.

எல்லா வீட்டுக்கும் பொதுவான பாடம்

"நான் கண்ணாடி வேலை செய்வதில்லையே" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கோழி சுடுவதற்குக் கல்வனைஸ் வலையைத் தணலின் மேல் வைக்கும் வீடுகள் இல்லையா? அதற்கும் பூச்சில்லாத கம்பியே வேண்டும். ஒட்டாத தாச்சியை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டுத் தொழுகைக்கோ தொலைபேசிக்கோ போய்விடுவதில்லையா? அதன் டெப்லோன் பூச்சு 260 பாகையைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். கூட்டில் வளர்க்கும் கிளிகள் அந்தப் புகையில் மடிந்துபோவதுண்டு. மனிதருக்கும் காய்ச்சல் வரலாம். வைத்திருக்கும் பொருள் வேறு, விடயம் ஒன்றுதான்: உள்ளே இருப்பது உலோகம் என்பதால் மேலே இருப்பதும் நெருப்பைத் தாங்கிவிடாது.

அந்த மாணவிக்கு இதையெல்லாம் விளக்கி, "மகள், இந்தச் சுருளைச் சூளையில் வைக்காதீர்கள். மகனை ஒரு முறை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சூளை இப்போது பின் விறாந்தையில் இருக்கிறது. கொளுக்கிக்கு நைக்ரோம் கம்பி பாவிக்கிறாள். மிஞ்சிய எனாமல் கம்பியும் வீண்போகவில்லை. ஆறிய பதக்கங்களைச் சுற்றி அதனால் கொடிப்பூ கட்டி விற்கிறாள். அந்தப் பதக்கங்களைத்தான் அதிகம் பேர் கேட்டு வாங்குகிறார்களாம்.